பத்து நிமிட மா

தடித்து மெத்தென்று எழும்பி, நடுவில் வெட்டினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள் தெரியும் பான்கேக்கை என் வேலைக்காலத்தில் பெரும்பாலும் ஹொட்டேல் குசினியில்தான் சுட்டேன். இருந்தும், அதைச் சரியாகச் சுடக்கூடிய இடம் வீடுதான் என்பது என் முடிவு. ஹொட்டேலில் அடுப்புப் பெரியது, இரும்புத் தட்டு அகலமானது, கைக்கு உதவியும் உண்டு. ஆனால் புளித்த பாலும் அப்பச்சோடாவும் சேர்ந்த மாவுக்கு நல்ல நேரம் பத்து நிமிடம்தான். நாலு பேருக்குச் சுடுகிறவர் அதற்குள் முதல் தட்டை மேசையில் வைத்துவிடலாம். காலை ஏழு மணி தொடங்கிப் பத்து மணி வரை வரிசையில் வரும் விருந்தினருக்கு அந்தப் பத்து நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதிலேயே என் தொழிலின் பெரும்பகுதி போயிற்று.

நோர்வேக்காரர் வீட்டில் பன்னெகாக்கெ என்றால் மெல்லியது. முட்டை நிறையப் போட்டு, தட்டு அகலத்துக்கு வார்த்து, பழப்பாகு தடவிச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். தடித்ததற்கு லப்பெர், ஸ்வேலெ என்று தனி வகைகள் உண்டு. ஒஸ்லோ ஹொட்டேல்களின் காலையுணவு மேசையில் ‘அமெரிக்கன்ஸ்கெ பன்னெகாக்கெர்’ என்று எழுதி வைத்திருப்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை: உள்ளங்கை அளவு, ஒரு விரல் தடிப்பு, மூன்று நாலாக அடுக்கி மேலே பாணி ஊற்றுவது. குடும்பத்தோடு வரும் விருந்தினரில் பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் நிற்கும் இடம் அதுதான்.

இதற்கு வேண்டிய பால் இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். குல்தூர்மெல்க் என்று ஒரு லீற்றர் பெட்டியில் வரும். சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலை இருபது பாகைக்குச் சற்று மேலே வைத்து, பற்றீரியா சேர்த்து, ஏறக்குறைய ஒரு நாள் புளிக்க விட்டு எடுப்பது அது. நம் ஊரில் முப்பது பாகை வெக்கையில் ஓர் இரவில் தயிர் கட்டியாக உறைந்துவிடும். இது குளிரில் மெல்லப் புளிப்பது. வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகாது, சாய்த்தால் தடித்து விழும், மணத்தில் பட்டர் வாசனை இருக்கும். அந்த வாசனையைக் கொடுப்பதும் பற்றீரியாதான். அம்மா மத்தால் கடைந்து பட்டர் திரட்டிய பிறகு மிஞ்சும் மோர் வேறு, அது தண்ணீராக ஓடும். அமெரிக்கக் கடைகளில் இன்று மோர் என்று விற்பதும் கடைந்து மிஞ்சியது அல்ல, இதேபோல் புளிக்க வைத்த பால்தான். ஆகவே அமெரிக்கச் சமையல் புத்தகம் சொல்லும் பொருளுக்கு மிக நெருங்கியது ஒஸ்லோக் கடையின் குல்தூர்மெல்க்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு கண்ணாடிக் குவளை. அதில் பாதிக்குக் குல்தூர்மெல்க். கால் தேக்கரண்டி அப்பச்சோடா. கரண்டியால் இரண்டு சுற்று. காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல் கேட்கும். பால் வெண்ணுரையாகப் பொங்கி விளிம்புக்கு ஏறும். முதல் ஒரு நிமிடத்தில் நுரையின் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. ஐந்து நிமிடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே பெரிய குமிழ்கள் உடைந்துகொண்டிருக்கும், பால் ஏறிய உயரத்தில் இருந்து இறங்கியிருக்கும். பாலின் புளிப்பமிலமும் சோடியம் இருகாபனேற்றும் சேர்ந்து காபனீரொட்சைட்டை விடுகின்றன என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த வாயு தனக்கு நேரம் வைத்திருக்கிறது என்பதைக் குவளைதான் சொல்லும். மாவுக்குள் நடப்பதும் இதுவே. மா தடிப்பானபடியால் வாயு தப்புவதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

எழும்ப வைக்கும் பொருட்களோடு எனக்குப் பழக்கம் ஒஸ்லோவில் தொடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பத்துக்கு மாவைக் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார். காலையில் பானையின் மூடியைத் திறந்து மணத்தை வைத்தே, இன்று அப்பம் நன்றாக வரும் வராது என்று சொல்லிவிடுவார். கள்ளில் இருக்கும் மதுவம் இரவு முழுக்க மெல்ல வேலை செய்யும். அப்பச்சோடாவின் வேலை கண்மூடித் திறக்க முடிந்துவிடும். ஒன்றுக்குப் பொறுமை வேண்டும், மற்றதற்கு விரைவு வேண்டும். குசினியில் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டது வெகு பின்னால்.

1956இல் அன்ரனி இராசேந்திரம் என்ற தமிழர் நோர்வே வந்து சேர்ந்த நாளில் இருந்து எங்கள் ஆட்களின் கதை இங்கே தொடங்குகிறது. அவர் பிறகு ஊரில் சீநோர் மீன்பிடி நிறுவனத்தை நிறுவினார். அவர் திறந்த வழியில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பலர் இங்கே உள்ள மக்கள் உயர்பள்ளிகளுக்குப் படிக்க வந்தோம். படிப்பு முடிந்ததும் வடக்கே பின்மார்க் மாவட்டத்து மீன் ஆலைகள் பலரை இழுத்தன. கொட் மீனைத் துண்டு போட்டு, எலும்பு பார்த்து, பெட்டி கட்டுகிற வேலை. அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்கு இறங்கி, ஸ்தோவ்னர், ரொம்மென், ஃபூரூசெத் பக்கம் வீடு எடுத்தோம். மீன் ஆலையில் கத்தி பிடித்த கைக்கு ஒஸ்லோவில் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. நானும் அப்படித்தான் ஹொட்டேல் குசினிக்குள் வந்தேன். கோப்பையில் இருந்து மரக்கறி வெட்டுவதற்கும், அங்கிருந்து காலையுணவு அடுப்புக்கும் நகர்ந்தேன். ஐந்து வருடம் தொழில் செய்தவர் பயிற்சிப் பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுதிச் சமையற்காரர் சான்றிதழ் வாங்கலாம் என்று இந்த நாட்டில் ஒரு வழி உண்டு. எங்கள் ஆட்கள் பலர் அந்த வழியால் ஃபாக்பிரேவ் எடுத்திருக்கிறார்கள். நான் அதற்காகப் படித்தபோதுதான், கையால் பழகியிருந்த விடயங்களுக்குக் காரணம் தெரிய வந்தது.

எழும்ப வைப்பதற்கு இங்கே குசினி அலுமாரியில் மூன்று பெட்டிகள் இருக்கும். முதலாவது நாத்ரோன், அதாவது நம்முடைய அப்பச்சோடா. புளிப்பைத் தொட்ட உடனே வாயுவை விட்டுவிடும். இரண்டாவது பேக்கிங் பவுடர். சோடாவோடு அதற்கு வேண்டிய அமிலத்தையும் உலர்ந்த தூளாகச் சேர்த்தே வைத்திருப்பார்கள். ஈரம் பட்டதும் கொஞ்சம் எழும்பும், மிச்சத்தை அடுப்புச் சூடு வரும்வரை பிடித்து வைத்திருக்கும். மூன்றாவது ஸ்கந்தினேவியக் குசினியில் நன்கு பழக்கமானது: யொர்தெதக்சால்ட். ஒரு காலத்தில் மான்கொம்பைக் காய்ச்சி எடுத்தார்களாம். இப்போது விற்பது ஆலையில் செய்த அமோனியம் இருகாபனேற்று. அறுபது பாகையைத் தொடும்போதுதான் அது முழுமூச்சாகப் பிரிந்து, அமோனியாவும் காபனீரொட்சைட்டும் நீராவியுமாக வெளியேறும். பெட்டியைத் திறந்தால் மூக்கில் அடிக்கும். அது சேர்த்த மாவைப் பச்சையாக வாயில் வைக்கவே கூடாது.

இதன் அருமையை எனக்குக் காட்டியவர், சுன்மூரெப் பக்கத்தில் இருந்து ஒஸ்லோவுக்கு வந்து எங்கள் குசினியில் வேலை செய்த ஒரு மூத்த பெண். அவருடைய ஊரில் குடாவுக்குக் குடா படகில்தான் போக வேண்டும். மூரெ ஓக் றொம்ஸ்தால் மாவட்டத்துப் படகுகளில் எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்து கோப்பியோடு ஸ்வேலெ விற்கிறார்கள். இன்றைக்கும் மேற்குக் கரைக்காரருக்குப் படகுப் பயணம் என்றால் ஸ்வேலெ சாப்பிடாமல் நிறைவதில்லை. முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்து, குல்தூர்மெல்க் விட்டு, மா போட்டு, நாத்ரோனும் யொர்தெதக்சால்ட்டும் சேர்த்து, ‘தக்கெ’ என்ற தட்டையான இரும்புக் கல்லில் சுடுவது. வெந்ததும் உள்ளே பட்டரும் சீனியும் அல்லது புருனோஸ்ட் என்ற பழுப்புச் சீஸில் இரண்டு சீவலும் வைத்துப் பாதியாக மடித்துக் கையில் தருவார்கள். படகில் ஒரு வாளி மா கரைத்து வைத்துவிட்டு, வண்டிகள் ஏற ஏறச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். நாத்ரோனின் வாயு பாதி போய்விட்டாலும், மற்றது சூட்டுக்காகக் காத்திருக்கும். நிறையப் பேருக்கு, நீண்ட நேரத்துக்கு, அதே மெத்தென்ற பதத்தில் கொடுக்க வேண்டும் என்ற சிக்கலை மேற்குக் கரைப் பெண்கள் எவ்வளவு அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்! எனக்கு அதில் இன்றும் மரியாதை குறையவில்லை.

அதே யொர்தெதக்சால்ட்டை அமெரிக்க வகைக்குப் போடலாமே என்று கேட்பார்கள். போட்டால் கெட்டுவிடும். ஸ்வேலெ அகலம், தடிப்புக் குறைவு. அமோனியா முழுவதும் ஆவியோடு போய்விடும். ஒரு விரல் தடிப்புள்ள பான்கேக்கில் அது நடுவில் சிக்கி நிற்கும், கடிக்கும்போது மூக்குக்கு வரும். ஆகவே தடித்ததற்கு அப்பச்சோடாதான், துணைக்குக் கொஞ்சம் பேக்கிங் பவுடர். அப்படியானால் நேரத்தோடு ஓடத்தான் வேண்டும்.

ஹொட்டேலில் நான் கடைப்பிடித்த முறை இது. முதல்நாள் இரவே உலர்ந்த பொருட்களை எல்லாம் அரித்து, ஒரு பெரிய டப்பாவில் கலந்து வைப்பேன். முட்டை, குல்தூர்மெல்க், உருக்கிய பட்டர் எல்லாம் காலையில் வேறு பாத்திரத்தில். இரண்டையும் ஒருபோதும் மொத்தமாகச் சேர்ப்பதில்லை. இருபது பேருக்கு அளவாக எடுத்து, தட்டு சூடான பிறகு கலந்து, அது முடியும்போது அடுத்ததைக் கலப்பது. மூன்று மணி நேரத்துக்கும் இப்படியே. மேலிருப்பவர்கள் சிலருக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. ஒரேயடியாகக் கரைத்து, பேக்கிங் பவுடரை இரட்டிப்பாக்கினால் போதாதா என்றார்கள். போதாது. பவுடர் கூடினால் நாக்கில் ஓர் உலோகச் சுவை நிற்கும், குல்தூர்மெல்க்கின் புளிப்பு செத்துவிடும். விருந்தினர் அதைச் சொல்லிக் காட்டமாட்டார்கள், இரண்டாவது தரம் எடுக்க வரமாட்டார்கள்.

ஊரில் இருந்து வந்து கொஞ்சக் காலமே ஆகியிருந்த ஒரு தம்பியை எனக்கு உதவிக்கு விட்டிருந்தார்கள். நல்ல சுறுசுறுப்பு. மாவை அடிக்கக் கொடுத்தால் கை நிற்காது.

“அண்ணை, கட்டி கட்டியாக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டோ?”

“வேண்டாம் தம்பி. அது தன்பாட்டில கரையும்.”

“செஃப் பாத்தாரெண்டால் பேசுவாரே?”

“அவருக்கு நான் சொல்லுறன். நீ கையை எடு.”

அவன் தயங்கித் தயங்கித்தான் கையை எடுத்தான். உழைப்பாளிப் பிள்ளைக்கு வேலையைப் பாதியில் விடச் சொல்வது கஷ்டம். ஆனால் இந்த மாவில் அதுதான் தொழில். கோதுமையின் புரதம் ஈரத்தில் நனைந்து, அடிக்க அடிக்க இழுவையாகப் பின்னிக்கொள்ளும். பாணுக்கு அந்த இழுவை வேண்டும். பான்கேக்குக்கு வந்தால் அது தோலாக இழுக்கும், குமிழ் விரியவிடாது. கட்டியைக் கரைக்கும் அடி ஒவ்வொன்றும் வாயுவையும் வெளியேற்றும். உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்த வேண்டும். கடுகளவு, பயறளவுக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பாதி போகும், மிச்சம் கல்லின் சூட்டில் போகும். நோர்வேக் கடைகளில் விற்கும் சாதாரண கோதுமை மாவிலேயே பாணும் சுடுவார்கள், கேக்கும் செய்வார்கள். அதனால் இங்கே இருப்பவர்கள் இன்னும் கவனமாகக் கையை நிறுத்த வேண்டும். வீட்டில் நான் இரண்டு மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அந்த அளவு உருளைக்கிழங்கு மா சேர்ப்பதுண்டு. இழுவை குறைந்து வாயில் மிருதுவாகக் கரையும்.

இனி வீட்டு அளவைச் சொல்கிறேன். நாலு பேருக்கு நாலு டெசிலீற்றர் கோதுமை மா, நிறையில் 240 கிறாம். அதே நாலு டெசிலீற்றர் குல்தூர்மெல்க். இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஐம்பது கிறாம் பட்டர். அப்பச்சோடா முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. சோடாவை ஒரு முழுத் தேக்கரண்டிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பாலில் இருக்கும் புளிப்பு முழுவதையும் அது குடித்துவிட்டால் சவர்க்காரச் சுவை வரும், உள்ளே வேகுமுன் வெளியே கருகும். கொஞ்சம் புளிப்பு மிஞ்சி நிற்பதில்தான் இந்தப் பலகாரத்தின் ருசி.

பட்டரை உருக்கி ஆறவிடுங்கள். குல்தூர்மெல்க்கையும் முட்டையையும் அரை மணி நேரம் முன்னதாகவே பிறிட்ஜில் இருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த பாலில் உருகிய பட்டரை விட்டால் அது திரும்பவும் மணிமணியாக உறைந்துவிடும். உலர்ந்தது ஒரு பாத்திரம், ஈரமானது ஒரு பாத்திரம். இப்போது கலக்கக்கூடாது. முதலில் கல்லை அடுப்பில் வையுங்கள். நம் தோசைக்கல்லே இதற்கு மிக நல்லது, தடித்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்பது வரை எண் உள்ள மின் அடுப்பு என்றால் ஆறில் வைத்து ஐந்து நிமிடம் விடலாம். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டோடி மறைய வேண்டும். எண்ணெயைத் துணியால் துடைத்த மாதிரித் தடவுங்கள். நெய்ப்பசை தேங்கினால் மேல்தோல் வலைவலையாகப் பொரியும், ஒரே நிறத்துக்கு வராது. கல் தயாரான பிறகுதான் ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, அகப்பையால் அடியில் இருந்து மேலே ஒரு பதினைந்து தரம் புரட்டி, கையை எடுக்க வேண்டும். கல் சூடாகும்வரை கலந்த மா காத்திருப்பதுதான் வீடுகளில் மெத்தென்று வராமல் போவதற்குப் பெரிய காரணம்.

மூன்று நாலு நிமிடம் ஆறவிட்டு, ஒன்றுக்கு அரை டெசிலீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வாருங்கள். அகப்பையால் பரப்ப வேண்டாம். மா தன் பாரத்திலேயே பரவி நிற்கும் அளவுதான் அதற்குரிய அகலம். பிறகு ஓரத்தைக் கவனியுங்கள். முதலில் வரும் குமிழ்கள் உடைந்து மா திரும்ப மூடிக்கொள்ளும். அது பொழுது ஆகவில்லை என்பதற்கு அடையாளம். உடைந்த குமிழின் வாய், ஈர மணலில் நண்டு வளை திறந்து கிடப்பதுபோல், மூடாமல் நின்றால் கீழ்ப்பக்கம் வெந்து கட்டிவிட்டது. ஓரம் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும். தட்டகப்பையை முழுதாக அடியில் விட்டு ஒரே வீச்சில் புரட்டுங்கள். புரட்டிய உடனே அது இன்னும் ஒரு தரம் எழும்பும். பேக்கிங் பவுடர் பிடித்து வைத்திருந்த வாயு அப்போது மேலே இருந்த மாவில் வேலை செய்கிறது. இந்த நேரத்தில் தட்டகப்பையால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் ரொட்டி சுடும் எங்கள் கைகளில் ஊறியிருக்கிறது. ரொட்டிக்கு அது நல்லது, இதற்கு வேண்டாம். இரண்டாவது பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்தால் தன் ஆவியிலேயே நனைந்து ரப்பராகிவிடும். ஹொட்டேல் மேசையில் மூடியோடு நிற்கும் தட்டுகளில் நடப்பது அதுதான். வீட்டில் போறணையை நூறு பாகைக்குக் கீழே வைத்து, கம்பித் தட்டில் பரப்பி விட்டால் கடைசி ஆள் வரும்வரை அப்படியே இருக்கும்.

குல்தூர்மெல்க் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு விட்டு அடித்தால் அதே பதம் வரும். பாலில் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரிய வைக்கும் முறையை நான் அவசரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்வேன். சோடாவுக்கு வேண்டிய புளிப்பு அதில் இருக்கிறது, மாவைத் தாங்கிப் பிடிக்கும் தடிப்பு இல்லை. கேஃபீர் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது, அதுவும் நன்றாக எழும்பும், மணத்தில் கொஞ்சம் மதுவம் தெரியும். கடைந்த மோர்தான் இருக்கிறது என்றால் நாலு டெசிலீற்றருக்குப் பதில் மூன்று போதும்.

பட்டருக்கு மாற்று உண்டா என்று கேட்டால், 2011 டிசம்பரில் இந்த நாடே அதைத் தேடியது. மழை விடாத கோடையால் புல் கெட்டுப் பால் குறைந்தது. அதே வருடம் மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை பிரபலமாகி எல்லோரும் பட்டரை வாங்கிக் குவித்தார்கள். வெளிநாட்டுப் பட்டருக்குத் தீர்வை மிக அதிகம். நத்தார் பலகாரம் செய்யும் நேரத்தில் கடைத் தட்டுகள் காலியாகிவிட்டன. எல்லையில் ஒருவரைத் தொண்ணூறு கிலோ பட்டரோடு பிடித்தார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் குசினியில் இருந்த பட்டரைப் பாணுக்குத் தடவ ஒதுக்கிவிட்டு, பான்கேக்குக்கு ரேப்ஸ் எண்ணெய் ஊற்றினோம். எழும்புவதில் ஒரு குறையும் இல்லை, மிருதுவும் அப்படியே. மணம்தான் இல்லை. வாய்க்குள் போகுமுன்னே பாதி ருசியைத் தருவது சூடான கல்லில் பட்டர் பட்டு எழும் அந்த மணம் என்பதை அந்த மாதம் முழுக்க உணர்ந்தோம்.

மேலே போடுவது அவரவர் விருப்பம். பிள்ளைகள் மேப்பிள் பாணி கேட்பார்கள். நான் தமிழ்க் கடையில் வாங்கும் கித்துள் பாணியை ஊற்றுவேன், புளிப்புக்கு அதன் புகைச் சுவை மிக நன்றாகச் சேரும். அன்னெ ஹோவ் என்ற பெண் 1863இல் மோர்நீரில் பாலாடை சேர்த்துக் காய்ச்சி உண்டாக்கிய அந்தப் புருனோஸ்ட்டையும் சீவி வைத்துப் பாருங்கள். இனிப்பும் உப்புமாக, சூட்டில் ஓரம் உருகி நிற்கும்.

மிஞ்சிய மாவை நாளைக்கு என்று பிறிட்ஜில் வைக்க வேண்டாம். அதில் எழும்ப ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் அன்றே சுட்டு, ஆறவிட்டு, நடுவில் பேக்கிங் தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்குங்கள். பள்ளிக்கூடக் காலையில் உறைந்தபடியே ரோஸ்டரில் போட்டால் இரண்டு நிமிடத்தில் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வந்துவிடும்.